பிரெஞ்சுக்கார பாண்டில் என் இடம்

அவனை ‘அவர்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். ஏழு கீபோர்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றில்கூட இரண்டு கையும் சேர்த்து வாசிக்கத் தெரியாத மனுஷனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? அவன் என்றே இருக்கட்டும்.

பிரெஞ்சுக்காரன். இங்கே சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை மடிப்புக் கலையாத சட்டையில் மீட்டிங் மீட்டிங்காக ஏறி இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு கலைஞனாகிவிடுவான். அவன் மனைவி பாடுவாள். கேக் கடை வைத்திருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரன் டிரம் மெஷினின் பொத்தானை அமுக்குவான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாண்டு, அதில் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் சிந்த்பாப். கிட்டார் கூடாது, நிஜ டிரம்ஸ் கூடாது, எல்லாச் சத்தமும் மின்சாரத்திலிருந்தே வரவேண்டும், மேலே ஒருத்தி தூக்கத்தில் பேசுகிற குரலில் பாடவேண்டும், அவ்வளவுதான். அவள் பிரெஞ்சில் பாடியதால் இங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாததால் எல்லாரும் ஆகா என்றார்கள்.

நான் கிளமெண்டியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் நர்ஸ். வீடு தோ பாயோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சி, எங்கே கூப்பிட்டாலும் போவோம். எங்கள் குழுவில் புல்லாங்குழல்காரர் கிடையாது, வயலின்காரர் கிடையாது. எல்லாம் நான்தான். இந்த வரியில் புல்லாங்குழல் வந்தால் புல்லாங்குழல், அடுத்த வரியில் நாதஸ்வரம் வந்தால் நாதஸ்வரம். வலது கை கட்டைகளில் ஓடும்போது இடது கை பிட்ச் வீலில் இருக்கும். சுரத்தை வளைக்கிற சின்னச் சக்கரம் அது. கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் பாடுகிறவர் மேடையிலேயே திரும்பி முறைப்பார். பதினெட்டு வருஷம் அந்த முறைப்பில்தான் என் இடது கை படித்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜாமிங் அறை. ஞாயிறு காலை எங்கள் ஒத்திகை அங்கேதான். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் வெளியே வர, பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே போவார்கள். ஒரு நாள் அவன் சீக்கிரமே வந்து கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, அந்த அழுகிற சத்தம் எந்தக் கீபோர்டில் வருகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“கீபோர்டு இல்ல லா, கை” என்றேன்.

நம்பவில்லை. என் கீபோர்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த வருஷத்து மாடல், எங்கே செய்தது என்று குனிந்து பார்த்தான். அவனிடம் இருந்த ஏழும் எந்த வருஷம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தன என்று மனப்பாடமாக ஒப்பித்தான். எங்கே, வாசித்துக் காட்டு என்றேன். ஒரு விரலால் வாசித்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த மாதமே கேக் கடைக்காரன் கழன்றுகொண்டான். காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். போட்டோவில் நடுவில் யார் நிற்பது என்று சண்டை. அதுவும் முகமே தெரியாத அளவுக்குப் புகை போட்டு எடுத்த போட்டோ! அந்தக் காலி இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, முறையாகத்தான் கூப்பிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, என் மாமியார் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என் கணவரிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். “அவளுக்குப் புடிச்சா போகட்டும், எனக்கென்ன” என்றார்.

ஒரே நிபந்தனை, ஞாயிறு முழுவதும் அவர்களுக்கு வேண்டும். அப்படியென்றால் என் குழுவை விடவேண்டும். விட்டேன். பதினெட்டு வருஷக் குழுவை ஒரே வாரத்தில் விட்டேன். ஏன் என்று பலர் கேட்டார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். உண்மை இதுதான்: பதினெட்டு வருஷத்தில் ஒரு போஸ்டரில்கூட என் பெயர் வந்ததில்லை. பாடகர் பெயர் இருக்கும், பாடகி பெயர் இருக்கும், ஸ்பான்சர் செய்த நகைக்கடை பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு பெரிய மேடையில், இது இவள் வாசிப்பு என்று நாலு பேர் பார்க்க வாசிக்கவேண்டும். இந்தப் பாண்டு எப்படியும் ஒரு நாள் பிரான்சுக்குப் போகும் என்று அவன் சொன்னபோது, அந்த மேடை எனக்குக் கண் முன்னால் தெரிந்தது.

குழுவில் என் நாற்காலிக்கு ஒரு தம்பி வந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர், கீபோர்டில் நல்ல கை. நானே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பாண்டு ஏறியது. நான் வந்த பிறகுதான் ஏறியது, இதில் எனக்குத் தன்னடக்கமெல்லாம் கிடையாது. முதலில் தஞ்சோங் பகாரில் ஒரு மதுக்கூடத்தின் மூலையில் வாசித்தோம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அவன் ஆபீஸ்காரர்கள், மேனேஜர் வாசிக்கிறாரே என்று கை தட்டினார்கள். அடுத்து பிரெஞ்சுக்காரர்களின் விழா ஒன்று. அப்புறம் ஒரு வீடியோ. லிட்டில் இந்தியாவில் கலர் கலராகப் பூசிய பழைய கடைவீட்டின் முன்னால் எடுத்தார்கள். வீடியோ எடுத்தவன் என்னைப் பார்த்து, புடவை கட்டினால் நன்றாக இருக்குமே என்றான். நான் கறுப்பு டீ சட்டையில் வந்திருந்தேன். “உனக்கு வேணும்னா நீ கட்டிக்க லா” என்றேன். கடைசியில் பிரெஞ்சுக்காரன் மனைவிக்குத்தான் கட்டிவிட்டேன். நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை மிதித்து அவிழ்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது.

அந்த வீடியோ பிரான்சில் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர்கள் ஊர் இணையப் பத்திரிகை ஒன்று எழுதியது. போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். ‘அழுகிற அந்த விசித்திரமான சிந்தசைஸர்’ என்று பாட்டைவிட அதைத்தான் புகழ்ந்திருந்தார்கள். அது எப்படி என்று கேட்டதற்கு இந்த மகானுபாவன் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கீபோர்டின் மாயம் என்று! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு கேட்டேன். அப்படிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிக்கும், ரொம்ப விளக்கினால் மர்மம் போய்விடும் என்றான். மர்மமாம், மண்ணாங்கட்டி. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்பியிருக்கவேண்டும். கிளம்பவில்லை. பிரான்ஸ் மேடை கண்ணை மறைத்தது.

அதற்குள் அவன் மனைவி முதலில் பாண்டை விட்டுப் போனாள், பிறகு அவனையும் விட்டுப் போனாள். அந்த வரிசையில் போனது புத்திசாலித்தனம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அவள் இடத்துக்குக் கிளமெண்டி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் பிடித்து வந்தான். இவளும் தூக்கத்தில்தான் பாடினாள். ஆள் மாறியதை ரசிகர்கள் கண்டுபிடிக்கவேயில்லை. அதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் என் மாமியார் தவறிவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த வாரம் ஞாயிறு பாண்டுக்கு நிகழ்ச்சி. நான் உடனே என் டோன்களெல்லாம் பதிந்த பென்டிரைவைப் புதுக்கோட்டைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். எங்கள் லைட் மியூசிக் உலகத்தில் இது வழக்கம். போக முடியாதவர் தன் சத்தங்களைக் கொடுத்து, ஆளையும் அனுப்புவார். வந்தவர் வாசித்துவிட்டுப் போவார். நாற்காலி மட்டும் பழைய ஆளுக்குத்தான். துக்க வீடென்றால் இன்னொன்றும் உண்டு. காரியம் முடிந்ததும் குழுத்தலைவர் வீட்டுக்கு வந்து, “வாம்மா, அடுத்த ப்ரோகிராமுக்கு வந்துடு” என்று ஒரு வார்த்தை கூப்பிடுவார். துக்க வீட்டிலிருந்து நாமாகக் கிளம்பிப் பாட்டுக் கச்சேரிக்குப் போகக்கூடாது, ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு போகவேண்டும். என் அப்பா இறந்தபோது எங்கள் குழுத்தலைவர் வாழைப்பழச் சீப்போடு வந்து கூப்பிட்டார்.

பிரெஞ்சுக்காரன் வெள்ளைப் பூங்கொத்து அனுப்பினான். டெலிவரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே போனில் ஒரு செய்தி, எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஆள் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம் எங்களுடையது, பதினாறோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வோம். மறுநாள் கிளினிக்குக்குப் போய்விட்டேன். ஞாயிறு வந்தது. குளித்து, புடவை மாற்றி, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே லிஃப்ட் நிற்கிற ஒவ்வொரு தடவையும் காதை அங்கே வைத்தேன். யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. தம்பி ஒரு நாள் போன் செய்தான்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“மாமா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க.”

அவ்வளவுதான். பாண்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டான், திருட்டுப் பயல், சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் வாரம் பாண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் பிரெஞ்சுக்காரன் ஒரு செய்தி போட்டான். பிரான்சில் நாலு ஊரில் மேடை கிடைத்திருக்கிறது, அக்டோபரில் பயணம், யார் யார் வருகிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும், பக்கத்தில் ஒரு விமானப் பொம்மை. இத்தனை வருஷம் நான் காத்துக்கொண்டிருந்த பிரான்ஸ்! குரூப்பிலே போட்டால் அதற்குப் பெயர் அழைப்பா? முதல் தடவை பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்து கூப்பிடத் தெரிந்தவனுக்கு இப்போது ஒரு போன் செய்யக்கூட விரல் வலிக்கிறதா? என் வாசிப்பு வேண்டும், நான் வேண்டாம். அப்படித்தான் எனக்குப் பட்டது.

“ஒரு மெசேஜ் போடேம்மா, வரேன்னு” என்றார் என் கணவர்.

“கூப்புடாத எடத்துக்கு நான் போவேனாங்க? எனக்கு வெக்கம் மானம் இல்லையா?”

வெள்ளிக்கிழமை வந்து போனது. நான் எழுதவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து, அவன் என்னைத் துரத்திவிட்டான் என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். கிளினிக்கில் சொன்னேன். பழைய குழுவில் சொன்னேன். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு நம் உழைப்பு வேண்டும், நம் மூஞ்சி வேண்டாம் என்று சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். அது எனக்கு இதமாக இருந்தது. ஒருவர்கூட, அப்படியா, அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

தம்பிக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. கடைசியில் பிரான்சுக்குப் போனது பிரெஞ்சுக்காரனும், அந்தப் பாட்டுக்காரப் பெண்ணும், என் வாசிப்பைப் பதிந்துவைத்திருந்த ஒரு லேப்டாப்பும்தான். அங்கே நன்றாகப் பேர் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்கே போய்விட்டான். பாட்டுக்காரி மறுபடி மாறினாள். கீபோர்டுக்கு முன்னால் நிற்கத் தலைமுடி அழகாக இருக்கிற ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் பார்த்து, ஒவ்வொருத்தரையும் காறித் துப்பாத குறையாகத் திட்டினேன். நாலு வருஷம் இது எனக்கு முழுநேரத் தொழில். பழைய குழுவுக்கும் நான் திரும்பவில்லை. அங்கேயும் யாராவது வந்து கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் தம்பி போன் செய்தான். “அக்கா, அந்த வெள்ளக்காரன் வந்திருக்கான். சனிக்கெழம இங்க ஷோ. உங்களப் பாக்கணும்கிறான். மத்தியானம் சவுண்ட் செக், நான் கூட்டிட்டுப் போறேன், வாங்கக்கா.”

போனேன். சமாதானத்துக்கா? சீ. எம்.ஆர்.டி ரயிலில் உட்கார்ந்து, என்னென்ன சொல்லவேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நாலு வருஷத்துப் பாக்கி.

கடலோரத்தில் பெரிய அரங்கம். நாங்கள் உள்ளே போனபோது மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அழகு முடிக்காரன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். கீபோர்டில் அவன் கை இல்லை. ஆனால் சுரம் வளைந்து வளைந்து வந்தது. எனக்குத் தெரியாதா என் இடது கை? எந்த இடத்தில் தயங்கும், எந்த இடத்தில் ஒரு மயிரிழை முந்தும் என்று எனக்குத் தெரியாதா? பாட்டு முடியும்வரை நின்று கேட்டேன்.

பிரெஞ்சுக்காரன் இறங்கி வந்தான். முடிக்குச் சாயம் அடித்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டுவிட்டான். “ஏன் பதிலே எழுதவில்லை? வெள்ளிக்கிழமை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.”

“நீ ஏன் வீட்டுக்கு வந்து கூப்பிடவில்லை?” என்றேன்.

அவன் முழித்தான். தம்பியைப் பார்த்தான். “துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு இசை பேச்சே எடுக்கக்கூடாது, போகவும் கூடாது, போன் செய்யவும் கூடாது என்று இவர்தானே சொன்னார்? குரூப்பில் போட்டதே தப்போ என்று பயந்துகொண்டுதான் போட்டேன். உங்களுக்கு விருப்பம் இருந்தால் நீங்களாகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.”

தம்பி என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, எங்க ஊர்ப்பக்கம் தலைத்திவசம் முடியாம மேளம், பாட்டு எதுவும் ஆகாதுக்கா. நீங்களும் அப்படித்தான்னு நெனச்சேன். அதான் போன்லகூட அந்தப் பேச்ச நான் எடுக்கல.”

“எங்க வீட்ல பதினாறோட சரிடா!”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? ஒரு வார்த்த நீங்க கேட்டிருக்கலாம்ல?”

ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிவைத்த எதையும் சொல்ல முடியவில்லை. ஒருத்தன் என் துக்கத்துக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டான். இன்னொருத்தன் அவன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றான். நான் என் மானத்துக்கு மரியாதை கொடுத்து வீட்டில் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம் நான் காறித் துப்பியதெல்லாம் யார் மேல் விழவேண்டியதோ, அவள் அங்கே கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பிரெஞ்சுக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “இன்றைக்கு வாசியுங்கள். அந்த ஒரு பாட்டு மட்டும். லேப்டாப்பை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் யார் என்று மேடையில் நானே சொல்கிறேன். இத்தனை நாள் சொல்லாதது என் தப்பு.”

நேரில், கையைப் பிடித்து, கூப்பிட்டான். அழகு முடிக்காரன்கூடக் கீபோர்டை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றான்.

வாசித்திருக்கலாம். என் விரல் அரித்தது. ஆனால் ஏறினால் அது ஊருக்குத் தெரியும். துரத்தினவன் எப்படிக் கூப்பிட்டான் என்று நாலு பேர் கேட்பார்கள். துரத்தவில்லை, நான்தான் ஒரு வரி பதில் எழுதாமல் பிரான்சை விட்டேன் என்று நான் என் வாயால் சொல்லவேண்டும். கிளினிக்கில், கோயிலில், வீட்டில். அதை நினைத்ததும் எனக்குக் கால் கூசியது.

“இன்னிக்கு முடியாது. கிளினிக்குல வேலை” என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கே கிளினிக் மூடிவிடும். அவனுக்கு அது தெரியாது. தம்பிக்குத் தெரியும். அவன் எம்.ஆர்.டி வரை கூட வந்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை வைத்தேன். ஏழரை மணிக்கு, அங்கே மேடையில் விளக்கு எரிந்திருக்கும் நேரத்துக்கு, என் கணவர் சாப்பிட உட்கார்ந்தார்.

“என்னம்மா சொன்னான் அந்தாளு?”

“என்ன சொல்லுவான்? ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கல.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நன்றி கெட்ட பயல், ஆளைக் கசக்கிப் பிழிந்துவிட்டு வீசுகிற ஜாதி, உன் கால் தூசிக்கு வருவானா என்று, இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, பேசிக்கொண்டே போனார். அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.